தேசி மரத்தின் தளிரைத் தின்னும் புழு

மாரி மழை தொடங்கி இரண்டு மூன்று கிழமை சென்றதும், ஞாயிறு பூசை முடிந்து வருபவர்களில் யாராவது ஒருவர் கையில் ஒரு கொப்புடன் எம்மிடம் வருவது வழக்கம். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய தேசிக் கொப்பாக அது இருக்கும். தளிர் இருந்த இடத்தில் நடுநரம்பு மட்டும் ஈர்க்குப்போல நிற்கும். "முந்தநாள் பார்த்தேன், நல்ல குருத்தோடு நின்றது. இன்றைக்குப் பார்த்தால் இப்படி. என்ன மருந்தடிக்கலாம், தம்பி?" என்று கேட்பார்கள்.

சென்ற மாரியில் இக்கேள்வியைக் கேட்ட தாய் ஒருவரின் வளவுக்கு நாம் போய்ப் பார்த்தோம். 2007 மார்ச் மாதத்தில் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அங்கே கிணற்றடியில் நின்ற தேசிமரம் வருடம் முழுவதும் காய்த்ததாம். அயலவர்கள் கேட்டு வந்து பறித்துப் போவார்களாம். இப்போது அவர் இருப்பது எழுவான்கரையில், 20 பேர்ச் மணல் வளவில். இங்கே வைத்த முதற் கன்று கோடையில் பட்டுப்போனது. இரண்டாவதை ஆடு தின்றது. மூன்றாவது கன்று இடுப்பளவு உயர்ந்து, நாலு பக்கமும் தளிர்விட்ட நேரத்தில் புழு பிடித்துவிட்டது. வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை மகன் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் வைத்திருந்தார். அந்தப் போத்தலைத் திறப்பதற்கு முன்னர் நாம் போய்ச் சேர்ந்தோம்.

விதையில் முளைத்த தேசிக்கன்று காய்ப்பதற்கு நாலைந்து வருடம் செல்லும். 1990-இலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்பும், 2006-07 காலத்திலும் காய்க்கும் மரங்களை விட்டு வந்தவர்களுக்கு அந்த நாலைந்து வருடத்தின் பெறுமதியை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. புதிய வளவில் வைத்த கன்றின் முதல் தளிர் போகும்போது மனம் பதறுவது இயல்பு. ஆயினும் இந்தப் புழுவை வெல்வதற்குக் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றுமில்லை. அது எப்போது வரும், எங்கே இருக்கும், எவ்வளவு தின்னும் என்பதைத் தெரிந்துகொண்டாற் போதும்.

முதலில் யார் தின்றது என்று பாருங்கள்

இலை போனதெல்லாம் புழுவினால் என்று எண்ணிவிடக் கூடாது. இலையோடு சேர்ந்து இளங்கொப்பின் நுனியும் கடிபட்டு, ஒரே உயரத்தில் மொட்டையாக இருந்தால் அது ஆட்டின் வேலை. (எமது அனுபவத்தில் இலை தின்னும் பீடைகளில் மிகப் பெரியது ஆடுதான், அதற்கு மருந்து வேலி.) முற்றிய இலையின் விளிம்பு மட்டும் பல்லுப்பல்லாக வெட்டப்பட்டிருந்தால் சிறிய சாம்பல் நிற வண்டுகளைத் தேடவேண்டும். விடியற்காலையில் மரத்தின் கீழே ஒரு பழைய சேலையை விரித்து, கொப்பை உலுப்பினால் விழும். பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிடலாம்.

இலை தின்னப்படாமல் சுருண்டு, அதன் மேல் நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக்கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால், அது இலையின் தோலுக்குள் இருந்து சுரண்டும் மிகச் சிறிய புழு. அதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

தளிர் இலை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்னப்பட்டு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால், நீங்கள் தேடவேண்டியது வண்ணத்துப்பூச்சியின் புழு. தேசி, தோடை, நாரத்தை ஆகியவற்றின் தளிருக்கு எமது பகுதியில் முதல் எதிரி இதுதான். கறிவேப்பிலை, விளாத்தி, வில்வம், காட்டில் நிற்கும் குருந்து ஆகியவையும் தேசியின் உறவு மரங்கள். அவற்றிலும் இந்த இனங்களின் புழுக்கள் வளரும். ஆகவே தேசியை மட்டும் பார்த்துவிட்டுக் கறிவேப்பிலையைப் பாராது விட்டால் அரைவாசி வேலைதான் முடிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னர் நாம் வீட்டுத்தோட்டத்துக்கென்று தேசிக்கன்றையும் கறிவேப்பிலைக் கன்றையும் ஒன்றாகக் கொடுத்தோம். பலர் இரண்டையும் கிணற்றடியில் அருகருகே நட்டார்கள். அப்போது அதை எண்ணிப் பார்க்காதது எமது தவறு.

புழுவின் ஒரு மாதக் கணக்கு

கறுப்பு நிறத்தில் வெளிர்மஞ்சள் புள்ளிகளுடன் வளவுக்குள் தாழப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று கறுப்பில் வெள்ளைப் பட்டியும் பின் இறக்கையில் வாலும் உடையது. இவை இலையைத் தின்பதில்லை, பூவில் தேன் குடிப்பவை. ஆனால் பெண் பூச்சி தளிர் கண்ட தேசியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஓரிடத்தில் ஒன்றாக முட்டை வைத்துப் போகும். குண்டூசித் தலை அளவில், உருண்டையாக, வெளிர்மஞ்சளாக இருக்கும். இளந்தளிரிலேயே பெரும்பாலும் வைக்கும். முற்றிய இலை குஞ்சுப் புழுவுக்குக் கடினம்.

மூன்று நாலு நாளில் முட்டை பொரிக்கும். வெளிவரும் புழு குருவி எச்சம் போல இருக்கும். கபில நிறத்தில் நடுவில் வெள்ளைத் தீற்றல். இலையின் மேலேயே வெளிப்படையாகக் கிடந்தாலும் எச்சம் என்று எண்ணி நாமும் விட்டுவிடுவோம், குருவியும் விட்டுவிடும். முதற் கிழமையில் அது தின்பது சொற்பம். பிறகு தோல் கழற்றிக் கழற்றி வளர்ந்து, கடைசித் தோலில் பச்சை நிறமாகி, சின்னிவிரல் நீளத்துக்கு வரும். அந்தக் கடைசி நாலைந்து நாட்களிலேயே அது தன் வாழ்நாளில் தின்னும் இலையின் பெரும்பகுதியைத் தின்று முடிக்கிறது. "முந்தநாள் இருந்தது, இன்றைக்கு இல்லை" என்று சொல்வதன் காரணம் இதுவே. புழு ஒரே இரவில் வந்ததல்ல; இரண்டு கிழமையாக எச்சத்தின் வேடத்தில் அங்கேதான் இருந்தது.

தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறமான இரட்டைக் கொம்பை நீட்டிக் காரமான நாற்றம் விடும். பிள்ளைகள் பயப்படுவார்கள். அது கடிக்காது, கொட்டாது. முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் மயிர்க்கொட்டி போல் உடம்பில் மயிர் இல்லை. கையில் பட்டாற் சொறியாது. கொம்பை நீட்டவைத்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளிடமே புழு பொறுக்கும் வேலையைக் கொடுக்கலாம், விரும்பிச் செய்வார்கள். வளர்ந்த புழு கொப்பில் நூலால் தன்னைக் கட்டிக் கூடாகி, பத்து நாள் அளவில் மீண்டும் வண்ணத்துப்பூச்சியாகும். முட்டையிலிருந்து முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

இந்தக் கணக்குத் தெரிந்தால் வேலை இலேசாகிவிடும். முட்டை பொரிக்க மூன்று நாலு நாள், தின்னத் தொடங்க இன்னும் ஒரு கிழமை. எனவே தளிர் விட்டிருக்கும் காலத்தில் கிழமைக்கு இரண்டு தரம், புதன் ஒன்று ஞாயிறு ஒன்று என்று வைத்துக்கொண்டு, தளிர்களை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தால் எந்தப் புழுவும் பெரிதாகும் வரை தப்பமுடியாது. முட்டையை விரலால் நசுக்கிவிடலாம். எச்சம் போன்றதை ஈர்க்கால் தொட்டுப் பாருங்கள், அசைந்தால் புழு. இடுப்பளவுக் கன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். தளிர் முற்றிக் கரும்பச்சையானதும், அடுத்த தளிர் வரும் வரை பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை.

எமது பகுதியில் தளிர்க் காலம் எது என்பதும் மழையோடு சேர்ந்ததே. கோடைக் கச்சானில் வாடி நின்ற மரம், ஐப்பசி மழை விழுந்ததும் ஒரேயடியாகத் தளிர்க்கும். அதுவே முதற் காவல் காலம். கோடையில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கன்றுகள் இடையிடையே தளிர்க்கும், அப்போதும் பார்க்கவேண்டும். வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடியைக் கன்றுக்கும் போடும் வழக்கம் உண்டு. அதனால் மெதுமெதுவென்ற தளிர் மிதமிஞ்சி வந்து வண்ணத்துப்பூச்சியையும் இலைச் சுரங்கப் புழுவையும் அழைக்கும். மக்கிய எருவே இதற்குப் போதுமானது.

பெரிய மரத்துக்குப் பதற வேண்டியதில்லை

தலைக்கு மேல் வளர்ந்து காய்க்கும் மரத்தில் நாலைந்து கொப்பின் தளிர் போனால் விளைச்சலில் வித்தியாசம் தெரியாது. அந்த மரத்துக்கு ஏணி வைத்து ஏறுவதும் மருந்து தேடுவதும் வீண் வேலை. இரண்டு வயதுக்குட்பட்ட கன்றின் கதை வேறு. அதில் இருக்கும் முப்பது நாற்பது இலைகளே அதன் முழு அடுப்பங்கரை. வளர்ந்த புழு நாலு சேர்ந்தால் அதை வெறுமையாக்கிவிடும். நேரமும் கையும் கன்றுக்கே போகட்டும்.

பெரிய மரத்தைக் காக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். செண்பகமும் புலுனியும் பச்சைப் புழுவைத் தேடித் தின்னும். ஓணானும் கும்பிடுபூச்சியும் தின்னும். கூட்டில் சிறு துளை இருந்தால் அதிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை, சிறு குளவிகள் வந்து பறந்துவிட்டன என்று அறிந்துகொள்ளுங்கள்.

முசுறைப்பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பைக் கண்டாலே நெருப்பு வைப்பவர்கள் எம்மில் அநேகர். ஆனால் சீனாவின் தென்பகுதியில் கி.பி. 304-இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் தாவர நூலொன்றில், முசுறுக் கூடுகளைப் பையில் கட்டிச் சந்தையில் விற்றார்கள் என்றும், அந்த எறும்பு இல்லாத தோடை மரத்தின் பழங்களைப் பூச்சிகள் கெடுத்துவிடும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. மரத்துக்கு மரம் மூங்கிற் கீற்று வைத்து எறும்புக்குப் பாலம் அமைத்தார்கள். வியட்நாமில் மீகொங் ஆற்றுக் கழிமுகத்துத் தோடைத் தோட்டக்காரர்களிடமும் இவ்வழக்கம் இருக்கிறது. முசுறு ஓடும் மரத்தில் புழு தங்குவது அரிது.

நாமும் இதைச் செய்து பார்த்தோம். மாமரத்தில் கைக்கெட்டிய மூன்று கூடுகளை இரவில் சாக்கில் வெட்டி எடுத்துத் தேசியில் கட்டினோம். கொஞ்ச நாள் ஓடித்திரிந்தன. பிறகு குறைந்து குறைந்து இல்லாமற் போயின. ஒரு கூட்டத்துக்குப் பல கூடுகள் இருக்கும், இராணி ஒரு கூட்டில் மட்டுமே இருக்கும் என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டோம். இப்போது நாம் சொல்லும் வழி இலகுவானது. பக்கத்து மாவில் முசுறு இருந்தால் அதிலிருந்து தேசிக்கு ஒரு தும்புக் கயிற்றைக் கட்டிவிடுங்கள். தாமாகவே வந்து போகும். இதில் இரண்டு குறை உண்டு. காய் பறிக்கும்போது கடிக்கும். அத்துடன் இளங்கொப்பில் சாறு உறிஞ்சும் மாப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் இனிப்புக்காகப் பாதுகாக்கும். அவை பெருகி இலை கரிபிடித்தாற்போலக் கறுத்தால் கயிற்றை அவிழ்த்துவிடவேண்டும். சிறு கன்றில் முசுறு நிலைக்காது. கன்றுக்கு எங்கள் கைதான்.

வேப்பம் பருப்புக் கரைசல்

கன்றுகள் பல இருந்து பொறுக்கி முடியாவிட்டால், அல்லது வீட்டில் பார்க்க ஆள் இல்லாவிட்டால், வேப்பம் பருப்பைப் பாவிக்கலாம். 2021-இல் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்யத் தடைவிதிக்கப்பட்டிருந்த மாதங்களில் இதைப் பலர் செய்தார்கள். சிலர் பலனில்லை என்று கைவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால், பழைய வித்து, அல்லது மத்தியான வெயிலில் தெளித்தது, அல்லது பெரிய புழுவுக்குத் தெளித்தது என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தது.

தோல் நீக்கிய பருப்பு 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு பிடி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேண்டும். உரலில் இடித்துத் துணியில் பொட்டலமாகக் கட்டி இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் நன்றாகப் பிழிந்து வடிக்கவேண்டும். இலையில் ஒட்டுவதற்குக் குளிக்கும் சவர்க்காரத்தில் சுண்டுவிரல் நகமளவு சீவிக் கரைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் தளிர் கருகும். சலவைத்தூள் வேண்டவே வேண்டாம்; நாம் ஒருமுறை கைக்கணக்கில் போட்டு, புழு தின்னாத இலைகளையும் கருக்கிவிட்டோம். பொழுது சாயும் நேரத்தில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்கவேண்டும். வேம்பின் சத்து வெயிலில் சில நாட்களிலேயே கெட்டுவிடும். மழை வந்தால் கழுவுப்படும். தளிர் முற்றும் வரை ஏழு எட்டு நாளைக்கு ஒரு தரம் தெளிப்பது அவசியம். தெளித்தவுடன் புழு செத்து விழாது. தின்ன மனமில்லாமல் இலையில் கிடந்து, தோல் கழற்ற முடியாமல் சாகும். குருவி எச்சம் போன்ற பருவத்தில் நன்றாக வேலை செய்யும். பச்சைப் புழுவைக் கையால் எடுப்பதே சுகம்.

வயலுக்குப் பாவித்த தெளிகருவியை இதற்கு எடுக்கவேண்டாம். களைகொல்லியின் மிச்சம் குழாயில் இருந்தால் கன்று அதோடு முடிந்தது. ஒரு கட்டு வேப்பங்குழையை வாளியில் தோய்த்து உதறித் தெளித்தாலே போதுமானது.

புகையிலை ஊறவைத்த தண்ணீரைச் சிலர் சொல்வார்கள். புழு சாகும் என்பது உண்மை. ஆனால் அது தோலினாலும் உடம்புக்குள் இறங்கும் கடும் நஞ்சு. பிள்ளைகள் திரியும் வளவில் அதை நாம் சொல்லமாட்டோம்.

வயல் மருந்து ஏன் வேண்டாம்

நெல்லுக்கு மருந்தடித்தால், அறுவடைக்கு முன்னர் இத்தனை நாள் விடவேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும். தேசிக்கு அந்த நாள் கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பறிக்கும் மரம் அது. விருந்தாள் வந்தால் தண்ணீர் கரைக்கப் பறிப்போம். தடிமன் என்றால் இலையையும் அவிப்போம். எவரும் பதினாலு நாள் காத்திருக்கப்போவதில்லை.

அடுத்தது கிணறு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எமது மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மிகக் கிட்டவே இருக்கிறது. மேலே ஊற்றியது மழையோடு கீழே இறங்கத் தடையில்லை. 20 பேர்ச் வளவில் உங்கள் தேசிக்கும் அயலவரின் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். மேலும், மருந்து புழுவைக் கொல்லும்போது குளவியையும் முசுறையும் சேர்த்தே கொல்கிறது. அடுத்த தளிருக்கு வண்ணத்துப்பூச்சி வரும், குளவி வராது.

போத்தல் வீட்டில் இருப்பதே தனி ஆபத்து. எமது நாட்டில் மொனோகுறொட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்பவற்றை 1995-இலும் எண்டோசல்பானை 1998-இலும் தடைசெய்த பிறகு நஞ்சருந்தி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. கோபத்திலோ துயரத்திலோ கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாதிருப்பது எத்தனை உயிரைக் காத்தது என்பதற்கு அதுவே சான்று. மனப்பாரம் அதிகமுள்ள எமது குடும்பங்களில், மிஞ்சிய மருந்தைத் தேசிமரத்துக்கென்று கிணற்றடியில் வைத்திருக்கவேண்டாம். பூட்டி வையுங்கள், அல்லது வயலுக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குங்கள். வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ தேனோ வைக்கும் பழக்கமும் நிற்கவேண்டும்.

வெறுமையாகிய கன்றைப் பிடுங்காதீர்கள்

முழுவதும் இலை போன கன்றின் தண்டை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடியில் வைக்கோலோ, தென்னோலையோ, குளத்தில் வாரிய சல்வீனியாவோ நாலு விரற்கடை தண்டை விட்டு மூடிப் பரப்புங்கள். கச்சான் காலமானால் மேற்குப் பக்கம் ஒரு கிடுகை நட்டுவிடுங்கள். உப்புக் கிணறானால் மழைநீரை இதற்கென்று சேமிப்பது நல்லது. மூன்று நாலு கிழமையில் மறுதளிர் வரும். அந்தத் தளிரில்தான் முழுக் கவனமும் இருக்கவேண்டும்; அதையும் பறிகொடுத்தால் கன்று தாங்காது. ஒட்டுத் தோடையானால் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் வேறு சாதி, அதைக் கிள்ளிவிடுங்கள்.

வெள்ளிக்கோடு போடும் சுரங்கப் புழுவுக்கு மிகுதிப் பச்சை உள்ள இலையை வெட்டவேண்டாம். சுருண்டாலும் அது கன்றுக்குச் சோறு போடுகிறது; வெட்டினால் புதுத்தளிர் வந்து அதிலும் அதே புழு ஏறும். தளிர் பிறந்தவுடன் வேப்பம் பருப்புக் கரைசலைத் தெளித்தால் ஓரளவு குறையும். ஆனால் அந்தக் கோடுகளின் வழியே மஞ்சள் வளையமிட்ட கரடுமுரடான புள்ளிகள் கண்டால் அது பற்றீரியா நோய், பூச்சியல்ல. அப்படியான இலையையும் கொப்பையும் காய்ந்த நாளில் வெட்டி எரிக்கவேண்டும். சந்தேகமானால் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கொப்பைக் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள்.

முன்னர் கூறிய தாயின் கன்றில் அன்று பதினொரு புழு பொறுக்கினோம். அவரது பேரப்பிள்ளை கறிவேப்பிலையிலிருந்து இன்னும் ஆறு கொண்டுவந்தான். போத்தல் வயற்காவல் குடிசைப் பெட்டிக்குப் போயிற்று. கன்று தை மாதத்தில் மறுபடி தளிர்த்தது. இன்னும் காய்க்கவில்லை, அதற்கு இரண்டு வருடமாவது செல்லும்.

எமது பகுதியில் வேப்பம் பழம் ஆனி, ஆடியில் உதிரும். காகம் தின்று போட்ட வித்தையும் சேர்த்துப் பொறுக்கி, சதையைக் கழுவி, வெயில் படாமல் நிழலில் காயவைத்து, காற்றுப்படும் சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். ஐப்பசித் தளிருக்கு அது சரியான பதத்தில் இருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ போதும். கூடுதலாகச் சேர்ப்பவர்கள் மரமில்லாத அயல் வளவுகளுக்குக் கொடுக்கலாம்.